தனி கிராபிக்ஸ் கார்டா, பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸா? கடலோர வீடுகளுக்கான எளிய விளக்கம்

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊர்களில் வீட்டுக்குக் கணினி வாங்கப் புறப்படும் குடும்பங்கள் பலவும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: திரையில் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டு தனியாகப் போட வேண்டுமா, வேண்டாமா? கல்லூரியில் சேரும் மகளுக்காகக் கீழக்கரையில் மடிக்கணினி தேடும் தந்தையும், தங்கச்சிமடத்தில் திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் இளைஞரும், வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் அண்ணனிடம் கேம் விளையாடுவதற்கென்று ஒரு கணினி கேட்டிருக்கும் தம்பியும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்றாலும், மூவருக்கும் உரிய விடை ஒன்றல்ல. அந்த விடையைக் கடைக்காரரிடம் விட்டுவிடாமல் வாங்குபவரே கண்டறிய முடியும். அதற்குத் தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு: கிராபிக்ஸ் பகுதி எந்த நினைவகத்தைப் பயன்படுத்துகிறது என்பதும், அதற்கு எவ்வளவு மின்சாரம் கிடைக்கிறது என்பதும். மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை இவ்விரண்டிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். "இந்தக் கணினியில் கிராபிக்ஸ் இல்லை" என்று நம் பக்கத்தில் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். திரையில் படம் தெரிகிறது என்றால் அந்தக் கணினியில் கிராபிக்ஸ் பகுதி ஒன்று வேலை செய்துகொண்டிருக்கிறது என்றே பொருள். அது கணினியின் மூளையான பிராசசருக்குள் இருக்கிறதா, தனி அட்டையாக இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி.

திரையில் நாம் காணும் எதுவும் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. இன்று வீடுகளில் பரவலாக உள்ள முழு எச்டி திரையில் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளுமாக மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் எந்த அளவில் கலந்திருக்க வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. திரை பொதுவாக நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவதால், ஒரு நொடியில் 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கான நிறம் தயாராக இருக்க வேண்டும். 4கே திரையாக இருந்தால் இந்த எண்ணிக்கை நான்கு மடங்காகும். கடிதம் தட்டச்சு செய்யும்போது திரையின் பெரும்பகுதி மாறாமல் அப்படியே இருப்பதால் இந்த வேலை எளிதாக முடிந்துவிடுகிறது. முப்பரிமாண கேம் ஒன்றிலோ, ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவுக்கு நிறம் திருத்தும்போதோ அப்படியல்ல. ஒவ்வொரு புள்ளியிலும் ஒளி எங்கிருந்து விழுகிறது, நிழல் எங்கே படிகிறது, மேற்பரப்பு எத்தகையது என்றெல்லாம் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்குகளின் இயல்பே கிராபிக்ஸ் பகுதியின் வடிவத்தை முடிவு செய்தது. கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: வலையை எங்கே வளைத்துப் போடுவது என்று முடிவெடுக்க அனுபவமுள்ள ஒருவர் போதும், ஆனால் கயிற்றை இழுப்பதற்கு இரு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று ஒரே அசைவை ஒன்றாகச் செய்ய வேண்டும். பிராசசரின் கோர்கள், அதாவது அதற்குள் இருக்கும் கணக்கிடும் மையங்கள், முதல் வகை வேலைக்கானவை. வீட்டுக் கணினிகளில் அவை பெரும்பாலும் 4 முதல் 16 வரை இருக்கும், ஒவ்வொன்றும் சிக்கலான முடிவுகளை விரைவாக எடுக்க வல்லது. கிராபிக்ஸ் பகுதியில் உள்ளவையோ எளிய கணக்கை மட்டும் செய்யும் சிறு அலகுகள். அவை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கும். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி என்ற பிராசசரில் 6 கோர்களும், அதே சில்லுக்குள் (சிப்) கிராபிக்ஸுக்கென 448 அலகுகளும் உள்ளன. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 என்ற தனி கார்டில் இத்தகைய அலகுகள் 3,584. இரு நிறுவனங்களின் அலகுகளையும் எண்ணிக்கையை மட்டும் வைத்து நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது என்றாலும், அளவில் உள்ள இடைவெளி எத்தகையது என்பதற்கு இது ஒரு குறிப்பு.

பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே சில்லில் இருந்தால் அதை ஒருங்கிணைந்த கிராபிக்ஸ் என்கிறோம். மதர்போர்டில், அதாவது எல்லா உறுப்புகளையும் இணைக்கும் முதன்மைப் பலகையில், செருகப்படும் தனி அட்டையாகவோ, மடிக்கணினியில் தனிச் சில்லாகவோ இருந்து, தனக்கென்று நினைவகமும் வைத்திருந்தால் அது தனி கிராபிக்ஸ். இந்த ஒருங்கிணைப்பு படிப்படியாக நடந்தது. 1990களில் திரையை இயக்கவே பெரும்பாலான கணினிகளுக்கு ஓர் அட்டை தேவைப்பட்டது. 1999இல் இன்டெல் தனது 810 சிப்செட்டில் கிராபிக்ஸை மதர்போர்டின் சில்லுக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டில் என்விடியா ஜிஃபோர்ஸ் 256 கார்டை வெளியிட்டது. ஏஎம்டி 2006இல் கனடாவின் ஏடிஐ என்ற கிராபிக்ஸ் நிறுவனத்தை வாங்கியது. 2011இல் இன்டெல், ஏஎம்டி இரண்டுமே பிராசசரையும் கிராபிக்ஸையும் ஒரே சிலிக்கான் துண்டில் அமைத்து விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டன. மதர்போர்டுச் சில்லில் கிராபிக்ஸ் இருந்த காலத்தில் அது உண்மையிலேயே மிக மந்தமாக இருந்தது. அந்தக் காலத்து அனுபவத்தை வைத்துத்தான் இன்றும் பலர் "ஆன்போர்டு என்றால் ஆகாது" என்று சொல்கிறார்கள். இன்றைய நிலை அதுவல்ல.

இனி நினைவகத்துக்கு வருவோம். முழு எச்டி திரையின் ஒரே ஒரு படத்தைச் சேமிக்க ஏறத்தாழ 8 எம்பி இடம் போதும். ஆனால் அந்தப் படத்தை உருவாக்குவதற்கு மேற்பரப்புப் படங்கள், வடிவங்களின் விவரங்கள், இடைக்கணக்குகள் என்று அதைவிடப் பன்மடங்கு தரவை நினைவகத்திலிருந்து எடுக்கவும் திரும்ப எழுதவும் வேண்டியிருக்கிறது. ஆகவே நினைவகத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதோடு, நொடிக்கு எவ்வளவு தரவு அதிலிருந்து வந்து போகிறது என்பதும் முக்கியம். இரண்டாவது அளவையே நான் பெரிதாக மதிக்கிறேன். விளம்பரங்களிலும் விலைப்பட்டியல்களிலும் அதுதான் விடுபட்டுப் போகிறது.

ஒருங்கிணைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. கணினியின் பொது நினைவகமான ராமிலிருந்தே ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. பிராசசரும் அதே ராமையே நம்பியிருக்கிறது. டிடிஆர்4 3200 வகை ராம் ஒன்றை மட்டும் போட்டிருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி தரவு வரை செல்ல வழி உண்டு. அதே வகையில் இரண்டு ராம்களை உரிய இரண்டு இடங்களில் போட்டால் தரவு செல்லும் இரண்டு தடங்களும் திறந்து, அந்த அளவு 51.2 ஜிபி ஆகிறது. தனி கார்டின் நிலை வேறு: ஜிடிஎக்ஸ் 1650 கார்டின் ஜிடிடிஆர்5 வகையில் நொடிக்கு 128 ஜிபியும், 12 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060இல் நொடிக்கு 360 ஜிபியும் செல்லும். இந்த நினைவகம் கார்டின் மீதே, கிராபிக்ஸ் சில்லைச் சுற்றிப் பொருத்தப்பட்டிருப்பதோடு, அதைப் பிராசசருடன் பகிர்ந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை.

இதிலிருந்து கிடைக்கும் முதல் பயன் செலவில்லாத ஒன்று, அல்லது மிகக் குறைந்த செலவில் முடிவது. ஒருங்கிணைந்த கிராபிக்ஸ் உள்ள கணினியை வாங்குகிறீர்கள் என்றால் 16 ஜிபி ராமை ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபி துண்டுகள் இரண்டாக வாங்குங்கள். விலையில் பெரிய வேறுபாடு இருக்காது. கேம்களிலும் வீடியோ தொகுப்பிலும் கிடைக்கும் வேகத்தில் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். இன்டெல் நிறுவனமே இதை ஒரு விதியாக வைத்திருந்தது: அதன் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் கொண்ட மடிக்கணினியில் ராம் ஒரே தடத்தில் மட்டும் இருந்தால், அந்தக் கிராபிக்ஸ் ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயரில் தெரியாமல், குறைந்த தரத்துக்குரிய யுஎச்டி என்ற பெயரிலேயே தெரியும். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் மடிக்கணினியில் ஓர் இடம் காலியாக இருந்தால், அதே வேகமும் அளவும் உள்ள இன்னொரு ராமைச் சேர்ப்பதே பலருக்குப் போதுமான தீர்வு.

இரண்டாவது பயன், ஏமாறாமல் இருப்பது. "2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு போட்டிருக்கிறோம்" என்று சொல்லி, ஜிடி 710 போன்ற பழைய, மலிவான கார்டுகளைப் புதிய கணினியோடு சேர்த்து விற்பதுண்டு. 2 ஜிபி என்பது நினைவகத்தின் கொள்ளளவு மட்டுமே. டிடிஆர்3 நினைவகம் கொண்ட ஜிடி 710இல் நொடிக்குச் செல்லும் தரவு 14.4 ஜிபிதான், இரண்டு ராம் போட்ட சாதாரணக் கணினியில் செல்லும் 51.2 ஜிபியில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கணக்கிடும் திறனிலும் 5600ஜி போன்ற பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் அந்தக் கார்டை எளிதாக மிஞ்சிவிடும். கிராபிக்ஸ் இல்லாத பிராசசரில் திரையை இயக்குவதற்கு மட்டும் அத்தகைய கார்டு பயன்படும். மற்றபடி அதற்குக் கொடுக்கும் பணம் வீண்.

ஒருங்கிணைந்தது என்பதாலேயே ஒரு கிராபிக்ஸ் வலுவற்றதாகிவிடுவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2020இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 கருவியில் பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே சில்லில்தான் உள்ளன. ஆனால் அவை பகிர்ந்துகொள்ளும் 16 ஜிபி நினைவகத்தில் நொடிக்கு 448 ஜிபி தரவு செல்கிறது. ஆப்பிளின் எம்1 மேக்ஸ் சில்லில் அந்த அளவு நொடிக்கு 400 ஜிபி. வழக்கமான வீட்டுக் கணினியில் ஒருங்கிணைந்த கிராபிக்ஸ் பின்தங்குவதற்கு, சில்லில் அதற்கு ஒதுக்கப்படும் இடம் சிறியது என்பதோடு, அதற்குக் கிடைக்கும் நினைவகம் மெதுவானது என்பதும் பெரிய காரணம்.

அடுத்தது மின்சாரம். நம் கடற்கரையில் இதற்கு வெளியூர்களைவிடக் கூடுதல் கவனம் தேவை. 5600ஜி பிராசசர் தன் கிராபிக்ஸையும் சேர்த்து 65 வாட் அளவுக்குள் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு தனியாகவே 170 வாட் கேட்கிறது. மதர்போர்டின் செருகுவாய் தரக்கூடியது 75 வாட் மட்டுமே. அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளுக்கு கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயர் இணைக்க வேண்டும். பழைய கணினியில் இருக்கும் விலை குறைந்த எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றாமல் பெரிய கார்டைப் போடுவது சரியல்ல. சுமை ஏறும்போது கணினி திடீரென அணைந்துபோவதும் மறுபடி தொடங்குவதும் இதனால் நேர்வதுண்டு. ஜிடிஎக்ஸ் 1650 போன்ற சில கார்டுகளில் 75 வாட்டுக்குள் முடிந்துவிடும் வகைகள் உள்ளதால், பழைய கணினியை மேம்படுத்த விரும்புவோர் அவற்றைப் பார்க்கலாம்.

மின்வெட்டின்போது கைகொடுக்கும் யுபிஎஸ்ஸையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வீடுகளில் பரவலாக உள்ள 600 விஏ யுபிஎஸ் ஏறத்தாழ 360 வாட் வரையே தாங்கும். தனி கார்டு, பிராசசர், மானிட்டர் எல்லாம் சேர்ந்து முழுச் சுமையில் 300 வாட்டைத் தொட்டால், மின்சாரம் போன பிறகு செய்த வேலையைச் சேமித்து அணைப்பதற்குக்கூட நேரம் குறைவாகவே கிடைக்கும். ஒருங்கிணைந்த கிராபிக்ஸ் மட்டும் உள்ள கணினியோ அதே யுபிஎஸ்ஸில் பதற்றமின்றி வேலையை முடிக்கும் அளவுக்கு நீடிக்கும்.

செலவாகும் வாட் அத்தனையும் வெப்பமாகவே வெளியேறுகிறது. அதை வெளியேற்ற மின்விசிறி அறைக்காற்றை உள்ளே இழுக்கிறது. பாம்பன், மண்டபம், இராமேசுவரம், தேவிபட்டினம் போன்ற ஊர்களில் அந்தக் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. காற்றுக் காலத்தில் நுண்மணலும் சேர்ந்துகொள்கிறது. தூசியோடு படியும் உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொண்டு, செம்பு முனைகளையும் சாலிடர் புள்ளிகளையும் மெல்ல அரிக்கிறது. கார்டு பெரிதாக ஆக, அது இழுக்கும் காற்றும் கூடுகிறது, படியும் உப்பும் கூடுகிறது. இதற்காகத் தனி கார்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. கடலைப் பார்த்த சன்னலுக்கு எதிரே கணினியை வைக்காமல் இருப்பதும், தரையிலிருந்து உயர்த்தி வைப்பதும், மின்விசிறிகளையும் வெப்பத் தகடுகளையும் உலர்ந்த தூரிகையால் அவ்வப்போது தூய்மை செய்வதும் இங்கே அவசியமான பராமரிப்பு. ஈரத்துணியை மட்டும் உள்ளே பயன்படுத்தவே கூடாது.

அப்படியானால் யாருக்கு எது? மீன் ஏலக்கடைக் கணக்கு, இறால் பண்ணையின் தீவனக் கணக்கு, இ-சேவை விண்ணப்பங்கள், பாடக் குறிப்புகள், இணைய வகுப்பு, படம் பார்ப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் ஒருங்கிணைந்த கிராபிக்ஸ் தாராளமாகப் போதும். சுருக்கிச் சேமிக்கப்பட்ட வீடியோவை விரித்துக் காட்டுவதற்கென்றே தனியான ஒரு பகுதி அதில் இருக்கிறது. இன்டெல் 2011 முதலே இதைத் தன் பிராசசர்களில் சேர்த்து வருகிறது. 4கே படம் தடையின்றி ஓட வேண்டும் என்பதற்காகத் தனி கார்டு வாங்குவது தேவையற்ற செலவு. அந்தப் பணத்தை வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டிக்கும், இரண்டாவது ராமுக்கும், நல்ல யுபிஎஸ்ஸுக்கும் செலவிடுவதே அறிவுடைமை என்பது என் உறுதியான கருத்து. கல்லூரிக்குப் போகும் பெரும்பாலான பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். கட்டடக்கலை, முப்பரிமாண வடிவமைப்பு, அசைவூட்டம் போன்ற படிப்புகள் மட்டும் விலக்கு.

திருமண வீடியோ தொகுப்பவர்களின் நிலை சற்று நுட்பமானது. 4கே காட்சிகளை டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளில் நிறம் திருத்தி, படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலை நீக்கி, தனுஷ்கோடியில் டிரோனில் எடுத்த காட்சிகளையும் சேர்த்துத் தொகுப்பதற்குத் தனி கார்டு உண்மையிலேயே தேவை. கிராபிக்ஸ் நினைவகம் நிறைந்துபோனால் அந்த மென்பொருள் வேலையை நிறுத்திவிடும். ஆனால் தனி கார்டு வாங்கிவிட்டோம் என்பதற்காக, கிராபிக்ஸ் இல்லாத பிராசசரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இன்றைய கேமராக்கள் பலவற்றில் 10 பிட் 4:2:2 எச்இவிசி என்ற, நிற விவரம் கூடுதலாக உள்ள வீடியோச் சுருக்க வகையில் பதிவு செய்யும் வசதி உள்ளது. இன்டெல்லின் 11ஆம் தலைமுறை முதல் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் அதை நேரடியாக விரித்துக் காட்டும். என்விடியா கார்டுகளிலோ 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் இந்தத் திறன் சேர்ந்தது. அதற்கு முந்தைய கார்டை வைத்திருப்பவருக்கு இரண்டும் சேர்ந்திருப்பதே நல்லது.

கேம் விளையாடுவதற்குத் தனி கார்டு வேண்டும் என்பது பொதுவாகச் சரிதான், எனினும் எந்த கேம் என்பதைப் பொறுத்தது. வாலரண்ட் போன்ற இலகுவான கேம்கள் இரண்டு ராம் போட்ட ஒருங்கிணைந்த கிராபிக்ஸிலேயே நன்றாக ஓடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்திட்டுகளையோ கடற்புற்களையோ படம் எடுத்து, அவற்றை இனம் காணக் கணினிக்குக் கற்பிக்க விரும்பும் ஆய்வு மாணவருக்குத் தனி கார்டு, அதிலும் என்விடியா கார்டு, பெரிதும் உதவும். இயந்திரக் கற்றலுக்கான மென்பொருள்கள் பலவும் அந்நிறுவனத்தின் கார்டுகளை முதன்மையாகக் கொண்டு எழுதப்பட்டிருக்கின்றன. அங்கே கார்டின் நினைவகக் கொள்ளளவே எல்லையை முடிவு செய்யும் என்பதால், சற்று மெதுவான 12 ஜிபி கார்டு வேகமான 8 ஜிபி கார்டைவிட மேலானதாக அமையக்கூடும்.

பிராசசரின் பெயரைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். இன்டெல் பிராசசரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால், எடுத்துக்காட்டாக ஐ5 12400எஃப் என்றிருந்தால், அதில் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது. ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசை மேசைக் கணினிப் பிராசசர்களில் ஜி என்ற எழுத்து இருந்தால்தான் கிராபிக்ஸ் உண்டு; 5600ஜியில் உண்டு, வெறும் 5600இல் இல்லை. 2022இல் வந்த ரைசன் 7000 வரிசையில் எஃப் என்று முடிபவை தவிர மற்றவற்றில் திரையை இயக்கும் அளவுக்குச் சிறிய கிராபிக்ஸாவது உள்ளது. விண்டோஸ் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபாமன்ஸ் பகுதிக்குச் சென்றால், எந்தெந்த கிராபிக்ஸ் உள்ளன என்று தெரியும். அங்கே ஷேர்டு மெமரி என்று காட்டப்படுவது ராமிலிருந்து கடன் வாங்கக்கூடிய அளவு மட்டுமே. அதைக் கார்டின் சொந்த நினைவகமாக எண்ணிவிடக் கூடாது.

தனி கார்டு போட்ட பிறகும் வேகம் கூடவில்லை என்று சொல்பவர்கள் முதலில் கணினியின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிள் மதர்போர்டின் துளையில் இருந்தால், பெரும்பாலும் ஒருங்கிணைந்த கிராபிக்ஸே வேலையைச் செய்துகொண்டிருக்கும். கேபிளைக் கார்டின் துளைக்கு மாற்ற வேண்டும். மடிக்கணினியில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே இரண்டும் இருந்தால், சாதாரண வேலைக்கு ஒருங்கிணைந்ததும், கனமான வேலைக்குத் தனியானதும் தாமாகவே மாறிக்கொள்ளும். பேட்டரி நீடிப்பதற்காக இந்த ஏற்பாடு. விண்டோஸின் கிராபிக்ஸ் அமைப்பில் எந்த மென்பொருளுக்கு எது என்று நாமே குறித்தும் வைக்கலாம்.

பயன்படுத்திய கார்டு வாங்குவோருக்கு இன்னும் சில குறிப்புகள். விற்பவரின் கணினியிலேயே கார்டைப் போட்டு, கனமான கேம் ஒன்றையோ சோதனை மென்பொருளையோ அரை மணி நேரமாவது ஓடவிட்டு, திரையில் கோடுகளோ புள்ளிகளோ தோன்றுகின்றனவா, மின்விசிறிகள் சீராகச் சுழல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு கார்டைக் கழற்றி, செருகும் முனைகளையும், எச்டிஎம்ஐ துளைகளின் உட்புறத்தையும், வெப்பத் தகட்டின் செம்புக் குழாய்களையும் விளக்கொளியில் கவனிக்க வேண்டும். செம்பில் பச்சைப் படலமும், இரும்புத் தகட்டில் துருவும் இருந்தால், அந்தக் கார்டு உப்புக்காற்றில் நெடுநாள் இருந்திருக்கிறது என்று கொள்ளலாம். வெளியே தெரியும் அரிப்பைத் துடைத்துவிட முடியும்; சில்லுகளுக்கு அடியில் உள்ள சாலிடர் புள்ளிகளை வீட்டில் யாராலும் பார்க்க முடியாது. ஆகவே அத்தகைய கார்டை எந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காமல் விடுவதே நல்லது. அதே தொகைக்குள் 75 வாட்டில் இயங்கும் சிறிய கார்டு உத்தரவாதத்துடன் கிடைக்கிறதா என்று இராமநாதபுரத்திலோ மதுரையிலோ விசாரித்துப் பார்க்கலாம்.